வழித்துணை அன்னையின் மலைநாடு

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்று நாம் நெடுங்காலம் வழங்கிவந்த பகுதிகளில் நிலக்கடலைக்கு இன்றும் மணிலாக்கொட்டை என்றே பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரை நம் பாட்டிமார் கடலை உரிக்கும்போதெல்லாம் சொல்லிவந்தார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இன்று நிலைமை வேறு. நம் பங்குகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், கப்பல் வேலைக்கும், மருத்துவமனைப் பணிக்கும் சென்றிருக்கும் பிள்ளைகள் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டாரோடு ஒரே விடுதியில் தங்குகிறார்கள். ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுகிறார்கள். அந்தத் தோழர்களிடம், "நாட்டைவிட்டுப் புறப்படுமுன் எங்கே சென்று வேண்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டால், பலர் வாயில் வரும் பெயர் அந்திபோலோ.

மணிலாவுக்குக் கிழக்கே, ரிசால் மாகாணத்தின் மலைச்சரிவில் அமைந்த நகரம் அந்திபோலோ. அங்கே கோயில்கொண்டிருக்கும் மரியன்னைக்கு 'சமாதானத்திற்கும் நல்ல பயணத்திற்கும் அன்னை' என்பது திருப்பெயர். பயணத்திற்கென்றே ஓர் அன்னையை வேண்டிக்கொள்ளும் மக்களின் நாடு எப்படிப்பட்டது? அங்கே மலை எது, நீர் எது, மக்கள் எதில் ஏறி எங்கே போகிறார்கள்? வாசக அன்பர்களே, இம்மாதம் அந்த மாகாணத்தை ஒருமுறை சுற்றி வருவோம்.

முதலில் நில அமைப்பு. வரைபடத்தை விரித்தால் ரிசால் மாகாணத்தின் மேற்கே மணிலாப் பெருநகரம். வடக்கே புலாக்கான் மாகாணம். கிழக்கே கேசோன் மாகாணம். தெற்கே லகுனா ஏரியும் அதே பெயர் கொண்ட மாகாணமும். பரப்பு ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே வாழ்வோர் 33 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அந்திபோலோ ஒன்றே நகரம். மற்றவை 13 பேரூர்கள். மக்கள் பேசுவது தகாலோகு மொழி. அச்சொல்லுக்கு 'ஆற்றோரத்தார்' என்று பொருள் கூறுவர்.

மேற்கு விளிம்பில் ஒரு குறுகிய சமவெளி. அதையடுத்து நிலம் படிப்படியாக உயர்ந்து குன்றுகளாகிறது. குன்றுகளுக்கும் அப்பால், கிழக்கே, சுவர்போல் எழுந்து நிற்கிறது சியரா மாத்ரே மலைத்தொடர். லூசோன் தீவின் கீழைக் கரையோரமாக 500 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் இதுவே பிலிப்பைன்ஸ் நாட்டின் மிக நீண்ட மலைத்தொடர். ஸ்பானிய மொழியில் இதன் பெயருக்குத் தாய்மலைத் தொடர் என்று பொருள். பசிபிக் பெருங்கடலில் பிறந்து மேற்கு நோக்கிச் சீறிவரும் புயல்கள் முதலில் மோதுவது இந்தத் தாயின் முதுகில்தான். அவள் வாங்கிக்கொண்ட அடி போக எஞ்சியதே மணிலாவை வந்தடைகிறது.

தெற்கே உள்ள லகுனா ஏரியோ நாட்டிலேயே பெரியது. ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தாலும் சராசரி ஆழம் மூன்று மீட்டரைத் தொடாது. தட்டில் ஊற்றிய கஞ்சி போன்ற நீர். காற்று சற்றே வலுத்தால் அது கொந்தளித்துவிடும் என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து இரண்டு நிலமுனைகள் விரல்கள்போல் ஏரிக்குள் நீள்கின்றன. ஏரியின் நடுவே தாலிம் என்றொரு தீவு, முதுகு உயர்ந்த ஒரு மலையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஏரிநீர் பாசிக் ஆற்றின் வழியே மணிலாவைக் கடந்து கடலில் சேருகிறது.

ஆக, கிழக்கே மலை, தெற்கே ஏரி, மேற்கே மாநகரம். இம்மூன்றுக்கும் நடுவே ஒரு மாகாணம். மலையில் விழும் நீர் மாநகரத்தை நோக்கி இறங்குகிறது. மாநகரத்தின் மக்கள் மலையை நோக்கி ஏறுகிறார்கள். ரிசால் மாகாணத்தின் கதை முழுவதும் இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே அடங்கிவிடும்.

மாகாணத்தின் பெயர்க் கதையே ஒரு திருப்பயணத்தோடு பின்னியது. பிலிப்பைன்ஸ் மக்கள் தம் தேசிய வீரராகப் போற்றும் ஹோசே ரிசால் பிறந்தது ஏரியின் தென்கரையிலுள்ள கலம்பா என்ற ஊரில், 1861ஆம் ஆண்டில். பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிய அவருடைய தாய், பிள்ளை பிழைத்தால் அந்திபோலோ அன்னையிடம் அழைத்துவருவதாக நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சையைச் செலுத்த 1868 ஜூன் 6ஆம் நாள் தந்தையும் மகனும் படகேறினார்கள். தாயால் உடன் செல்ல இயலவில்லை. அவர் அப்போது இன்னொரு குழந்தையைப் பெற்றிருந்தார். ஏழு வயது நிறையாத சிறுவன் ஏரியைக் குறுக்கே கடந்து சென்ற முதற் பயணம் அது. நாட்டுக்காகக் குரல் கொடுத்த அவரை ஸ்பானிய ஆட்சி 1896 டிசம்பர் 30ஆம் நாள் சுட்டுக் கொன்றது. 1901இல், முன்பு மோரோங் என்று வழங்கிய மாவட்டத்தையும் மணிலாவைச் சூழ்ந்த ஊர்களையும் ஒன்றாக்கிப் புதிய மாகாணம் அமைத்தபோது, அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

வளரும் மாநகரம் பக்கத்து நிலத்தை விழுங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். 1975இல் மணிலாப் பெருநகரம் உருவானபோது ரிசால் மாகாணத்தின் 12 பேரூர்கள் அதற்குப் போயின. மாகாணத்தின் தலைமையிடமாக இருந்த பாசிக் நகரும் அவற்றுள் ஒன்று. அதனால் ஒரு விந்தை நேர்ந்தது: மாகாண அலுவலகம் மாகாணத்துக்கு வெளியே நின்றது! மலைக்கிராமத்து உழவர் தம் மாகாணத் தலைமை அலுவலகத்துக்கு வர மாநகரத்து நெரிசலுக்குள் புகுந்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டில்தான் அலுவலகம் அந்திபோலோவுக்கு இடம் பெயர்ந்தது. 2020இல் அந்நகரம் முறைப்படி தலைநகராக அறிவிக்கப்பட்டது.

இனி மலை ஏறுவோம். பழங்காலத்தில் மணிலாவிலிருந்து வரும் திருப்பயணிகள் பாசிக் ஆற்றில் படகேறி, தாய்த்தாய், கைந்தா போன்ற ஊர்களின் கரையில் இறங்குவார்கள். அதற்கு மேல் நடை, வசதியுள்ளோருக்குக் குதிரை. பெண்களையும் முதியோரையும் தூளியில் இருத்தி, மூங்கில் கழியில் கோத்து, ஆட்கள் தோளில் சுமந்து ஏறுவதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திபோலோவுக்கு இருப்புப்பாதை ஒன்றும் போட்டார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. தண்டவாளம் போன பின்னும் அந்நகரின் ஒரு தெருவுக்கு 'இரும்புவழி' என்ற பொருள்படும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2021 ஜூலையில், மீண்டும் இரயில் வந்தது. மணிலாவின் நெருக்கமான ரெக்தோ பகுதியிலிருந்து புறப்படும் மேம்பால இரயில், 13 நிலையங்களைக் கடந்து, மலையடிவாரத்தில் அந்திபோலோ என்றே பெயரிட்ட நிலையத்தில் வந்து நிற்கிறது. சாலை நெரிசலில் மணிக்கணக்காய்க் கழிந்த பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆனால் அன்னையின் ஆலயம் இன்னும் மேலே இருக்கிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் நம்மை ஏற்றிச் செல்வது ஜீப்னி.

ஜீப்னியைப் பற்றிச் சொல்லாமல் அந்நாட்டைப் பற்றிச் சொல்லி முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளின் பின்புறத்தை நீட்டி, இருபுறமும் பலகை போட்டு, மக்கள் ஏற்றும் வண்டியாக்கிக்கொண்டார்கள். பயணிகள் எதிரும் புதிருமாக முழங்கால் இடிக்க அமர்கிறார்கள். நடத்துநர் இருப்பது அரிது. பின்கோடியில் அமர்ந்தவர் கட்டணத்தை நீட்டினால் அது கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறை அதே கைகளின் வழியே திரும்பி வரும். 'பாயாத் போ' என்று சொல்லிக் காசு கொடுப்பார்கள். 'பாரா போ' என்றால் நிறுத்தச் சொல்வது. அந்தப் 'போ' நம்மை விரட்டும் 'போ' அன்று. நாம் 'வாங்க', 'நிறுத்துங்க' என்று சேர்க்கும் மரியாதைக்கு ஒப்பான சொல். முன்பின் அறியாதவரின் காசை வாங்கிக் கடத்திவிடும் அந்தக் கைகளிலே ஒரு நாட்டின் பண்பு தெரிகிறது அன்றோ? 2017 முதல் பழைய ஜீப்னிகளை மாற்றிப் புதிய வண்டிகளை ஓடச்செய்யும் அரசுத் திட்டம் நடந்துவருகிறது. புகை குறையும் என்பது ஒரு பக்கம். புது வண்டி வாங்கக் கடனுக்கு எங்கே போவது என்ற ஓட்டுநர் குடும்பங்களின் கவலை மறுபக்கம். ஜீப்னி நுழையாத சந்துகளில் மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டி இணைத்த மூன்று சக்கர வண்டிகள் ஓடுகின்றன.

இதோ, அந்திபோலோ பேராலயம் வந்துவிட்டது. கருமரத்தில் செதுக்கிய அன்னையின் சொரூபம் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. 1626 மார்ச் 25ஆம் நாள் அக்காபுல்கோ துறைமுகத்தில் புதிய ஆளுநர் ஹுவான் நீன்யோ தே தபோராவோடு கப்பலேறிய சொரூபம், ஜூலை 18ஆம் நாள் மணிலா வந்தடைந்தது. இடையில் சந்தித்த ஆபத்துகளிலிருந்து காத்தவர் அன்னையே என்று மாலுமிகள் நம்பினார்கள். ஆளுநர் 1632இல் மரித்தபின் சொரூபம் இயேசு சபைக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலயம் எழும்பிக்கொண்டிருந்த நாளில் சொரூபம் காணாமற்போய், 'திப்போலோ' என்ற மரத்தின்மேல் காணப்பட்டதாக ஒரு மரபு வழங்குகிறது. அம்மரம் நம் பலாவின் இனம். ஊருக்கு அந்திபோலோ என்ற பெயர் வந்ததும் அம்மரத்தால்தான்.

பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பல முறை அந்தச் சொரூபத்தைக் கப்பலில் ஏற்றிப் பசிபிக் கடலைக் கடந்து கொண்டுபோய் மீண்டும் கொண்டுவந்தார்கள். கப்பலோட்டிகளுக்கு அன்னையே வழித்துணை. 1926 நவம்பர் 28ஆம் நாள் சொரூபத்துக்கு முடிசூட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊரே தீக்கிரையாகும் நிலை வந்தபோது, சொரூபத்தைக் கம்பளியில் சுற்றி, காலிப் பெட்ரோல் பீப்பாயில் வைத்து மண்ணில் புதைத்துக் காத்தார்கள் என்பர். பின்பு மக்கள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். 1945 அக்டோபரில் அன்னை வீடு திரும்பினார். பிறரின் பயணத்தைக் காக்கும் தாய் தாமும் அகதியாய் அலைந்தார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

1983ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்திபோலோவைத் தனி மறைமாவட்டமாக ஏற்படுத்தினார். 2024 ஜனவரி 26ஆம் நாள் அவ்வாலயம் அனைத்துலகத் திருத்தலமாகப் பெருவிழாவோடு அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் அப்பெருமை பெற்ற முதல் ஆலயம் இதுவே. பெரிய வியாழன் இரவிலும், மே மாதப் பிறப்புக்கு முந்திய இரவிலும், மணிலாவின் கியாப்போ ஆலயத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் விடியவிடிய மலையேறி நடக்கிறார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வேளாங்கண்ணிக்கு நடந்து பழகிய கால்களுக்கு அந்த இரவின் இன்பமும் நோவும் தெரியும். புதிதாய் வாங்கிய வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோர் ஒருபுறம். நாளை விமானம் ஏறவிருக்கும் மகளைச் சொரூபத்தின்முன் நிறுத்திக் கண்ணீர் வடிக்கும் பெற்றோர் ஒருபுறம். வெளியே கடைகளில் இலையில் பொதிந்த ஒட்டரிசிப் பணியாரமும் முந்திரிப் பருப்பும் விற்கிறார்கள்.

மலையிலிருந்து இறங்கி ஏரிக்கரைச் சாலையைப் பிடிப்போம். முதலில் கைந்தா. இவ்வூருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்துதான் கப்பல்களை அனுப்பினார்கள். படையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் சில நூறு பேர் இருந்தனர். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிப்பாய்களுள் சிலர் கப்பல் ஏறாமல் கைந்தாவிலேயே தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து குடியானார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். சென்னைத் துறையில் அவர்களை வழியனுப்பிய தாய்மார் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்களோ!

அடுத்து தாய்த்தாய், அதையடுத்து அங்கோனோ. கலைஞர்களின் ஊர் என்று பெயர் பெற்ற அங்கோனோவில் பிறந்த ஓவியர் போத்தோங் பிரான்சிஸ்கோ, 1965இல், ஊருக்கு அருகே ஒரு பாறைக் குடைவில் ஆதிமனிதர் கீறிய 127 உருவங்களைக் கண்டறிந்தார். நவம்பர் 23ஆம் நாள், மீனவரின் பாதுகாவலராகிய புனித கிளமெந்துவின் திருநாளில், அவ்வூரார் காகிதக்கூழால் செய்த பேருருவப் பொம்மைகளோடு ஊர்வலம் வந்து, புனிதரை ஏரிநீரில் தெப்பத்தில் உலாக் கொண்டுபோகிறார்கள்.

அங்கோனோவை அடுத்தது பினங்கோனான். தாலிம் தீவுக்குப் படகு புறப்படுவது இங்கிருந்துதான். தீவினருக்குப் பள்ளி, சந்தை, மருத்துவர் எல்லாம் கரையில். இருபுறமும் மூங்கில் கைகள் விரித்த இயந்திரப் படகே அவர்களுடைய பேருந்து. 2023 ஜூலை 27ஆம் நாள், பிற்பகலில், அத்தகைய படகு ஒன்று புறப்பட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவே சென்றிருந்தது. பலத்த காற்று வீசியது. அஞ்சிய பயணிகள் ஒரே பக்கமாய் நெருங்கினார்கள். படகு கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படகு தாங்கக்கூடியது 42 பேரை. ஏறியிருந்ததோ ஏறத்தாழ 70 பேர். அதிகாரிகளிடம் கொடுத்த பயணிகள் பட்டியலில் இருந்த பெயர்கள் 22 மட்டுமே.

வாசக அன்பர்களே, அந்த எண்களை மறுபடி ஒருமுறை படியுங்கள். புறப்படுமுன் அந்தப் படகில் இருந்தோர் சிலுவை அடையாளம் வரைந்திருப்பார்கள், ஐயமில்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்ள அன்னை இருந்தார். அவர்களை எண்ணிப்பார்க்கத்தான் மனிதர் இல்லை.

கனத்த மனத்தோடு கரையோரமாய் மேலே செல்வோம். கார்தோனாவைக் கடந்தால் மோரோங். எண்கோணக் கோபுரம் ஏந்திய புனித எரோணிமுசு ஆலயம் அங்கே கம்பீரமாய் நிற்கிறது. பாராஸ் ஊரைத் தாண்டினால் தானாய். அவ்வூர் ஆலயத்தின் சிலுவைப்பாதை மரச்சிற்பங்களில் அந்நாட்டு முகச்சாயலையே செதுக்கியிருக்கிறார்கள். காண்போர் தம் ஊரிலேயே ஆண்டவர் சிலுவை சுமப்பதாக உணர்கிறார்கள். அதற்கும் அப்பால் பிலில்யா. அங்கே மேட்டு நிலத்தில் 2015 முதல் 27 காற்றாலைகள் சுழல்கின்றன. கடைசியாக, ஏரிக்குள் நீண்ட முனையில் ஹாலாஹாலா. வழியெங்கும் ஏரியில் மூங்கிலும் வலையும் கொண்டு அடைப்புக் கட்டிப் பால்மீனும் ஜிலேபிக் கெண்டையும் வளர்க்கிறார்கள்.

தானாய்க்கு மேலே மலையுச்சி நோக்கி இன்னொரு பெருஞ்சாலை உண்டு. மரிக்கினாவில் தொடங்கி, அந்திபோலோ, பாராஸ், தானாய் மலைகளின் முதுகில் ஊர்ந்து, சியரா மாத்ரேயைக் கடந்து, பசிபிக் கரையிலுள்ள இன்பாந்தாவுக்கு இறங்கும் சாலை. மேகம் தொடும் அதன் வளைவுகளைக் காண ஞாயிறுதோறும் மாநகரத்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் விரைகிறார்கள். பந்தயம் ஓட்டி அந்த வளைவுகளில் உயிர்விட்ட பிள்ளைகள் பலர். அதே மலைகளின் உட்பகுதியில் துமகாத், ரெமோந்தாதோ எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். ரெமோந்தாதோ என்றால் 'மலைக்கு மீண்டவர்'. ஸ்பானியர் ஆட்சிக்கு அடங்க மறுத்து மலையேறியவர்களின் வழியினர். பாலமில்லாத ஆறுகளைக் கால்நடையாய்க் கடந்தே அவர்களுள் பலர் சந்தைக்கு வருகிறார்கள்; மழைக்காலத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இனி வடக்கே திரும்பினால் மரிக்கினா ஆற்றுப் பள்ளத்தாக்கு. சான் மத்தேயோ, அதையடுத்து ரொத்ரீகெஸ். மக்கள் நாவில் அதன் பழைய பெயர் மொந்தல்பான். அங்கே பமிதினான், பினகாயான் என்ற இரு சுண்ணாம்புப் பாறை மலைகள் எதிரெதிரே நிற்க, நடுவே ஆறு பாய்கிறது. பெர்னார்தோ கார்ப்பியோ என்ற வீரன் அவ்விரு மலைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இரு கைகளாலும் தாங்கி நிற்கிறான் என்றும், அவன் அசைவதே நிலநடுக்கம் என்றும் ஒரு கதை உண்டு. 1895ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று ஆந்திரேஸ் பொனிபாசியோவும் தோழர்களும் பமிதினான் குகைக்குள் கூடி நாட்டின் விடுதலையைச் சுவரில் எழுதிவைத்தார்கள். 1909இல் அந்த மலையிடுக்கில் வாவா அணையைக் கட்டி மணிலாவுக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள்.

அந்த மலைகள் நீர் தருவன என்பதை அன்றைய ஆட்சியாளரும் அறிந்திருந்தார்கள். மரிக்கினா ஆற்றின் நீர்ப்பிடிப்பு நிலத்தை 1904ஆம் ஆண்டிலேயே காப்பு நிலமாக அறிவித்தார்கள். 2011இல் 26,000 எக்டேருக்கு மேற்பட்ட பகுதியை மீண்டும் காப்பு நிலமாக அறிவிக்க வேண்டியிருந்தது. இடையிலிருந்த நூறு ஆண்டுகளில் மரம் வெட்டினார்கள், கரி சுட்டார்கள், கல் உடைத்தார்கள், சரிவுகளில் வீடு கட்டினார்கள். ஏழைகள் வேறிடம் இல்லாமல் ஏறினார்கள். செல்வர்கள் குளிர்காற்றுக்காக ஏறினார்கள்.

மலை கணக்குக் கேட்டது. 1999 ஆகஸ்டு 3ஆம் நாள் இரவில், அந்திபோலோவில் ஒரு சரிவுக் குடியிருப்பு மழையில் வழுக்கிச் சரிந்து 50-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. 2009 செப்டம்பர் 26ஆம் நாள் 'ஒந்தோய்' புயல் வந்தபோது, மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 455 மில்லிமீட்டர். மலைகளிலிருந்து இறங்கிய வெள்ளம் சான் மத்தேயோவையும் மரிக்கினாவையும் கூரைவரை மூழ்கடித்தது. ஆற்றின் பெருக்கை மணிலாவுக்குப் போகாமல் திருப்ப 1986இல் வெட்டிய கால்வாய் அதை ஏரிக்குள் கொண்டு சேர்த்தது. ஆழமற்ற ஏரி பொங்கிக் கரைமேல் ஏறியது. ஏரிக்கரை ஊர்களில் வாரக்கணக்கிலும், சில இடங்களில் மாதக்கணக்கிலும் நீர் வடியவில்லை. தெருவில் ஜீப்னி ஓடிய தடத்தில் படகு ஓடியது. 2020 நவம்பரில் வந்த புயலும் அதே பள்ளத்தாக்கை மூழ்கடித்தது.

அந்த மாகாணத்தில் இரண்டு தாய்மார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் பேராலயத்துப் பீடத்தில் முடிசூடி நிற்கும் அன்னை. இன்னொருத்தி கிழக்கே புயலுக்கு முதுகு காட்டி நிற்கும் தாய்மலை. முன்னவரைக் காண இலட்சம் பேர் இரவு முழுதும் நடக்கிறார்கள். பின்னவளின் மேலாடையையோ நூறு ஆண்டுகளாக உரிந்துகொண்டிருக்கிறார்கள். இது அம்மக்களை இகழச் சொல்வதன்று. தாயைக் கும்பிட்டுவிட்டுத் தாய் தந்ததை அழிப்பது எந்த ஊரிலும் நடப்பதே. நம் ஊர் ஏரிகளும் ஆற்றுமணலும் அதற்குச் சாட்சி.

அன்பர்களே, நல்ல பயணத்துக்காக வேண்டுவது அழகான செபம். ஆனால் அந்தச் செபத்தில் நமக்கும் ஒரு பங்கு வேலை உண்டு. திருவிழாவுக்கு வேன் பிடிக்கும்போது, பன்னிரண்டு பேர் அமரும் வண்டியில் இருபது பேரை அடைக்கும் ஓட்டுநரிடம், "வேண்டாம், இன்னொரு வண்டி வரட்டும்" என்று சொல்ல நம்மில் யாரேனும் ஒருவர் வாய் திறக்க வேண்டும். இரவில் சாலையோரம் நடக்கும் நம் திருப்பயணிகளின் கையில் ஒரு விளக்கு இருக்க வேண்டும். மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கி மந்திரித்துக் கொடுக்கும் தந்தை, தலைக்கவசத்தையும் சேர்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும். மந்திரித்த நீர் வண்டியின்மேல் விழுகிறது; விவேகம் ஓட்டுபவரின் தலைக்குள் இருந்தாக வேண்டும்.

ஜீப்னியில் முன்பின் அறியாதவரின் காசைக் கை மாற்றிக் கொண்டுசேர்க்கிறார்களே, அதுபோலத்தான் உயிர்களும் நம் கைகளில் தரப்பட்டிருக்கின்றன. மேலே மரம் வெட்டுகிறவன் கையில், கீழே வீட்டில் உறங்கும் குழந்தையின் உயிர். படகுத்துறையில் பெயர் எழுதுகிறவன் கையில், எழுதாமல் விட்ட ஐம்பது பேரின் உயிர். நம் கைக்கு வந்ததைத் தவறவிடாமல் அடுத்த கையில் சேர்ப்பதே நம் கடமை.

பிலிப்பைன்ஸ் மக்கள் விடைபெறும்போது 'இங்காத் போ' என்பார்கள். 'கவனமாய்ப் போய் வாருங்கள்' என்று பொருள். நம் வீட்டு வாசலில் நின்று நம் தாய்மாரும் அதையேதான் சொல்கிறார்கள். அடுத்த இதழில் சந்திக்கும்வரை நாமும் அதையே சொல்லி விடைபெறுகிறோம்: கவனமாய்ப் போய் வாருங்கள்.